பழைய பியட்டைச் சரிசெய்வது: கல்லூரி மாணவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) 1984ஆம் வருடத்து பிரீமியர் பத்மினி ஒன்றை இரண்டு வருடமாகச் சரிசெய்து வருகிறேன். ஜூனியர் பசங்க, சொந்தக்காரர்கள், சிக்னலில் கண்ணாடியை இறக்கிக் கேட்பவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இதே ஆசையோடு இருக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்மினியா, பியட்டா? எது சரியான பெயர்?

இரண்டும் சரிதான். இது இத்தாலியின் பியட் கம்பெனி வடிவமைத்த 1100 டி என்ற கார். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964இல் இதை இங்கே செய்ய ஆரம்பித்தது. எழுபதுகளில் முதலில் 'பிரீமியர் பிரசிடென்ட்' என்று பெயர் மாறி, பிறகு ராஜஸ்தானின் சித்தூர் ராணியின் பெயரில் 'பத்மினி' ஆனது. பெயர்தான் மாறியது, கார் பெரிதாக மாறவில்லை. அதனால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இன்றுவரை இது 'பியட் வண்டி'தான். கடையில் பார்ட்ஸ் கேட்கும்போதும் பியட் என்றே கேளுங்கள், சீக்கிரம் எடுத்துத் தருவார்கள்.

அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? மாருதி 800 இன்னும் சுலபமில்லையா?

பார்ட்ஸ் கிடைப்பதை மட்டும் பார்த்தால் மாருதிதான் சுலபம். ஆனால் கற்றுக்கொள்ள பியட் போல ஒரு வண்டி இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பானட்டைத் தூக்கினால் 1089 சி.சி. இன்ஜினைச் சுற்றி கை தாராளமாக நுழைய இடம் இருக்கிறது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், டைனமோ எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். எது எதை ஓட்டுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடரலாம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பழுது என்றால் மூன்றில் ஒன்று: பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் வரவில்லை, அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லை.

ஹெரால்டும் ஆசைதான். சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த வண்டி அது. பானட் முழுசும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அழகே தனி. ஆனால் பார்ட்ஸ் தேடியே டிகிரி முடிந்துவிடும். முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

மெக்கானிக்கல் படிக்காதவர் செய்ய முடியுமா?

முடியும். நான் படிப்பது கணக்குப்பதிவியல். எனக்கு உதவியது இரண்டு விஷயம். ஒன்று, பழைய சர்வீஸ் மேனுவலின் நகல். இன்னொன்று, கிணத்துக்கடவு போகும் வழியில் சின்னதாக ஷெட் போட்டிருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். நாற்பது வருடமாகப் பியட், அம்பாசிடர் பார்த்தவர். சனிக்கிழமைகளில் அவரிடம் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், பார்ட்ஸ் கழுவித் தருவேன். சம்பளம் எதுவும் இல்லை. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை என் சந்தேகத்துக்கெல்லாம் போனில் பதில் சொல்வார். மேனுவலில் 'இவ்வளவு இறுக்கம்' என்று எண் இருக்கும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டு அறுந்து போகப்போகிறது என்பதைக் கைக்குச் சொல்லித் தர ஆள்தான் வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெயின்ட் உரிந்த போர்டு, வாசலில் ஒரு அம்பாசிடர், அதுதான் அடையாளம்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

இன்ஜினைப் பார்க்காதீர்கள், தகரத்தைப் பாருங்கள். இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. துருவுக்குக் கணக்கே கிடையாது. இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் சட்டம் இல்லை, பாடிதான் எலும்பும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி அரித்துப் போயிருந்தால் நான்கு கதவும் சரியாக மூடாது, ஜாக்கி வைத்தால் தகரம் உள்ளே போகும்.

நான் பார்த்த விதம் இது. கால் வைக்கும் மேட்டை எடுத்துவிட்டுத் தரையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே டார்ச் அடித்தேன். பின் சக்கரப் பட்டை ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தேன். பிறகு ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி கதவு, மட்கார்டு எல்லாவற்றின் மேலும் நகர்த்தினேன். காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே உள்ளே இருப்பது பட்டி. என் வண்டியின் இடது பின் மட்கார்டில் கையகலத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. தெரிந்துதான் வாங்கினேன், அதற்கேற்ற விலையும் பேசினேன்.

டயரில் ஆழம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும்.

ஆர்.சி. இல்லாத வண்டி மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வேண்டாம். ஓடாத வண்டியைக்கூட ஓட வைக்கலாம், பேப்பர் இல்லாத வண்டியை ரோட்டில் இறக்க முடியாது.

எனக்கு விற்றவர் நெகமம் பக்கத்தில் ஒரு அம்மா. வண்டி அவருடைய கணவர் பெயரில் இருந்தது. அவர் தலைமை ஆசிரியராக இருந்தவர், இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருடமும் தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் வண்டி நின்றிருந்தது. இப்படி உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31. அதன் பிறகுதான் வாங்குபவர் பெயருக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் படிவம் 28, தடையில்லாச் சான்று. சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

15 வருடம் தாண்டினால் காரை உடைத்துவிட வேண்டுமே?

இது டெல்லி செய்தியைப் பார்த்து வந்த பயம். டெல்லி வட்டாரத்தில்தான் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் படிவம் 25. பசுமை வரியும் உண்டு. கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 5,000 ஆக்கியது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று அறிவித்தது. வாங்கும் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

'விண்டேஜ்' பதிவு என்று 2021இல் ஒரு விதி வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அது முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு. என் வண்டிக்கு அந்த வயசு வர 2034 ஆகும். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். எனக்குச் சந்தைக்குப் போய் வரும் வண்டிதான் வேண்டும், அதனால் வழக்கமான பதிவே போதும்.

பல வருடம் நின்ற வண்டி. பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

தயவுசெய்து பண்ணாதீர்கள். வாங்கிய அன்று சாயங்காலமே எல்லோரும் சுற்றி நின்று "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாரேன்" என்பார்கள். உங்களுக்கும் கை துறுதுறுக்கும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஒரு சுற்றுச் சுற்றினால் சுவரில் கோடு விழும். பிறகு சிலிண்டரைக் கடைந்து 'போர்' பண்ண வேண்டியதுதான்.

நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். நான்கு பிளக்கையும் கழற்றினேன். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, துணியால் மூடி இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் நாலாவது கியரில் போட்டு, பிளக் இல்லாமலேயே வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினோம். முதலில் அசையவில்லை. நானும் தம்பியும் பம்பரில் முதுகு கொடுத்து ஆட்ட ஆட்ட, 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்து ஃபேன் பெல்ட் நகர்ந்தது. அன்றைக்கு அந்த ஃபேன் நாலு விரற்கடை நகர்ந்ததைப் பார்த்த சந்தோஷம், பிறகு இன்ஜின் ஓடியபோதுகூட வரவில்லை.

அதன் பிறகு பழைய ஆயிலை வடித்தேன், கரும்புப்பாகு போல வந்தது. பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினேன். ஒன்பது வருடப் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும், அதை அப்படியே இழுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டைகளான ஜெட் எல்லாம் அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டரில் எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே உப்பு பாறையாகக் கட்டியிருந்தது. இந்த இன்ஜினின் மேல் மூடியான ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் கோணிக்கொள்ளும், பிறகு லேத்தில் கொடுத்துத் தளம் எடுக்க வேண்டும். அதனால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் இன்ஜினை ஓட விடவே கூடாது. இப்போது கூலன்ட் மட்டும்தான் ஊற்றுகிறேன், கலப்பதற்குக்கூட பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும்?

பிரேக். நான் இன்ஜினைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தபோது மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் நிறுத்தினார்: "தம்பி, வண்டி மொதல்ல நிக்கோணும். அப்பறந்தான் ஓடோணும்."

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். என் வண்டியில் பிரேக் ஆயிலுக்கு ஒரே பாதைதான். எங்காவது ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய், பிரேக் மிதி தரையைத் தொட்டுவிடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், நான்கு பக்க வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றினேன். இரும்புக் குழாய்களைத் துணியால் துடைத்து, துரு குழி விழுந்த இரண்டைப் புதிதாகப் போட்டேன். 'இது நல்லாத்தான் இருக்கு' என்று ஒன்றை விட்டுவைக்கும் இடம் இது இல்லை.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, அதாவது ஏர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் வண்டியில் டிரைவர் வலப்பக்கம், எனவே இடது பின் சக்கரம். அம்மாவை சீட்டில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். "மிதிங்க... புடிங்க... விடுங்க" என்று நான் கீழே இருந்து சொல்ல, முக்கால் மணி நேரம் பொறுமையாக மிதித்தார். பாட்டிலுக்குள் குழாய் முனையில் குமிழி வருவது நிற்கும்வரை விடக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றிவிடுங்கள்.

டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. என்ன மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே பழுதில் நான் ஐந்து மாதமும் 4,700 ரூபாயும் விட்டேன்.

என் வண்டி வீட்டிலிருந்து கிளம்பி 12, 13 கிலோமீட்டர் அருமையாகப் போகும். பிறகு இரண்டு முறை இருமும், நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "சூடானதும் காயில் படுக்குது" என்றார் ஒருவர், காயில் மாற்றினேன். "கண்டன்சர்தான்" என்றார் இன்னொருவர், அதையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளாட்டினத்தையும் (கான்டாக்ட் பாயின்ட்) சேர்த்து மாற்றினேன். பிறகு பெட்ரோல் பம்ப் டயாபிரம். பிறகு கார்புரேட்டர் கிட். ஒவ்வொன்றும் மாற்றியதும் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும், வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஓட விட்டால் நன்றாகத்தானே ஓடும்! அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நிற்கும்.

ஒருநாள் ஒரு பெட்ரோல் பங்குக்கு நூறடி முன்னால் நின்றது. தள்ளிக்கொண்டு போய், நின்றதுதான் நின்றது பெட்ரோலாவது போடலாம் என்று போடச் சொன்னேன். பங்க் அண்ணன் டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்ஸ்' என்று உள்நோக்கி நீளமாகக் காற்று இழுத்தது. அவர் கையை எடுத்துவிட்டு, "என்னங் தம்பி, டேங்க்கு மூச்சுத் திணறுது" என்றார். பெட்ரோல் போட்டதும் செல்ஃப் அடித்தேன், காத்திருக்காமலேயே பிடித்துக்கொண்டது.

பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு டேங்கிலிருந்து சுண்டுவிரலை விடச் சன்னமான ஒரு குழாய் வெளியே வரும். ஒன்பது வருடம் கொட்டகையில் நின்றபோது அதன் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. டேங்கைக் கழுவினேனே தவிர அந்தக் குழாயை நான் பார்க்கவே இல்லை. காற்று வராததால் உள்ளே வெற்றிடம் கூடிக்கூடி, பம்ப் இழுக்க முடியாமல் வண்டி நிற்கும். நின்ற பிறகு எங்கோ கசிந்து மெதுவாகக் காற்று நிரம்பும், மறுபடி ஓடும். சைக்கிள் கம்பி ஒன்றை விட்டுக் குத்தினேன். உள்ளங்கையில் காய்ந்த செம்மண் உதிர்ந்தது, பட்டாணி அளவுகூட இல்லை.

நடந்ததைச் சொன்னபோது மெக்கானிக் அண்ணன் திட்டவில்லை. "பழுது நடக்கறப்பவே பாக்கோணும் கண்ணு. அது போனதுக்கப்பறம் பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்றார். இப்போது டிக்கியில் ஒரு பிளக்கும் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். நின்ற அந்த நிமிடமே முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அடுத்து, பெட்ரோல் வெளியே சிந்தாமல் இருக்கும்போது மட்டும், பிளக்கை வயரில் மாட்டி, உலோகத்தில் படுமாறு வைத்து செல்ஃப் அடித்து ஸ்பார்க் பாருங்கள். அதன் பிறகு வயரைப் பழையபடி மாட்டிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினைச் சுற்ற விட்டு பெட்ரோல் வருகிறதா பாருங்கள். இந்த இரண்டு சோதனையையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும். எது இல்லை என்று தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கிறது?

கிளட்ச் பிளேட், பிரேக் ரப்பர், கேஸ்கெட், கிங் பின் செட் இவையெல்லாம் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டில் பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகள் உண்டு. கழற்றிய பார்ட்ஸுக்கு புதுப்பேட்டை, எங்கள் பக்கம் என்றால் உக்கடத்துக் காயலான் கடைகள். மும்பையில் பல பத்தாண்டு டாக்ஸியாக ஓடியது இந்த வண்டிதான். அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. அதனால் குர்லா பழைய மார்க்கெட்டிலிருந்து கண்ணாடி, பம்பர், கதவுக் கைப்பிடி போன்றவற்றை வரவழைக்க முடிகிறது.

எங்குமே கிடைக்காததை செய்துகொள்ள வேண்டியதுதான், அந்த வகையில் கோவைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு லேத் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லிவருக்கான சின்ன புஷ் தேய்ந்து, கியர் விழாமல் இருந்தது. பழைய புஷ்ஷையும் அது உட்காரும் தண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெர்னியரில் அளந்து அரை மணி நேரத்தில் பித்தளையில் கடைந்து கொடுத்தார்கள். மாதிரியை மட்டும் கொடுக்காதீர்கள், அது தேய்ந்த அளவு. எதன் மேல் உட்காருகிறதோ அதையும் எடுத்துப் போங்கள்.

இதுவரை எவ்வளவு செலவு?

வண்டி 45,000. அதற்கு மேல் இரண்டு வருடத்தில் சுமார் 1,40,000. பாதிக்கு மேல் டிங்கரிங்கும் பெயின்டிங்கும்தான். டயர், டியூப் ஐந்துக்கு 18,000. பிரேக் வேலை முழுசுக்கும் 9,500. ஹெட் வேலை 11,000. மீதி எல்லாம் சில்லறையாகப் போனது, அதுதான் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பில்லையும் லெட்ஜரில் எழுதுகிறேன், பி.காம் படிப்பு அதற்கு உதவுகிறது. பணம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்ததில் வந்தது. வண்டி விலையில் மூன்று மடங்கைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கடன் வாங்கிச் செய்யவே செய்யாதீர்கள்.

இ20 பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் வர ஆரம்பித்து இப்போது எங்கும் அதுதான். இந்த வண்டியை வடிவமைத்தபோது யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள். முதலில் பாதிக்கப்படுவது ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ் ஊறி, மிருதுவாகி, உள்ளே உரிந்து வரும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், மீட்டருக்குச் சில நூறு ரூபாய்தான், தீ விபத்தை நினைத்தால் அது காசே இல்லை. பம்ப் டயாபிரமும் அப்படியே.

எத்தனால் எரியப் பெட்ரோலை விடக் குறைந்த காற்றே போதும். அதனால் பழைய ஜெட்டில் கலவை கொஞ்சம் வறண்டு (காற்று அதிகமாகி) போகும், வண்டி இழுக்காமல் சூடாகும். பிளக் முனை வெள்ளையாக இருந்தால் அதுதான். ஒரு அளவு பெரிய ஜெட் போட்டதும் என் வண்டிக்குச் சரியானது. ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரியும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வற்ற விட்டு நிறுத்துங்கள்.

புது இன்ஜின், ஏசி, பவர் ஸ்டீயரிங் போடலாமே?

இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். கலர் மாற்றினாலும் அப்படித்தான். ஆனால் நான் மாற்றாததற்குக் காரணம் சட்டம் இல்லை. 40 குதிரைத்திறன் வண்டிக்குச் செய்த பிரேக்கும் பட்டை ஸ்பிரிங்கும் இவை. அதில் பெரிய இன்ஜினை வைப்பது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. சீட் பெல்ட், நல்ல ஹெட்லைட் பல்ப், பின்னால் பிரகாசமான பிரேக் லைட் இந்த மூன்றையும் தாராளமாகச் சேருங்கள்.

தனியாக வேலை செய்யும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதை நிறைய பேரிடம் பார்க்கிறேன், அது எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். வயரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள். பார்ட்ஸ் கழுவ டீசலோ மண்ணெண்ணெயோ, பெட்ரோல் வேண்டாம். காலி டேங்க் பாதுகாப்பானது என்று வெல்டிங் கொடுக்காதீர்கள், நிறைந்த டேங்கை விட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

பெயின்ட் எப்போது அடிப்பது?

கடைசியில். எல்லோரும் முதலில் அடித்துவிட்டு, பிறகு இன்ஜின் இறக்கும்போது மட்கார்டைக் கீறுகிறார்கள்.

படிப்பு கெடவில்லையா?

முதல் வருடம் ஒரு பேப்பர் போனது, அடுத்த செமஸ்டரில் எழுதி எடுத்தேன். அதிலிருந்து பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு ஸ்பேனர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவரும் கேட்டால் தருவதில்லை.

தினமும் ஓட்ட முடியுமா? ஊட்டி போக முடியுமா?

தினமும் கல்லூரிக்கு பஸ்தான். வாரம் ஒருமுறை 40, 50 கிலோமீட்டர் ஓட்டினால் வண்டிக்கு நல்லது. மலைக்கு ஒருமுறை வால்பாறைப் பக்கம் போனோம். ஏறுவதில் பிரச்சினை இல்லை, இரண்டாவது கியரில் நிதானமாக ஏறியது. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். டிரம் சூடானால் மிதி கெட்டியாகவே இருக்கும், ஆனால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

விற்ற அம்மா வண்டியைப் பார்த்தார்களா?

பார்த்தார். வாங்கும்போது நான் கேட்ட விலைக்குப் பேரம் எதுவும் பேசாமல், "ஓடுச்சுன்னா ஒருக்கா கொண்டாந்து காட்டு கண்ணு" என்று மட்டும் சொல்லியிருந்தார். போன தை மாதம் நெகமத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வாசலுக்கு வந்து முன் கதவைத் திறந்தேன், அவர் பின்கதவைத் திறந்து இடது ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் எப்போதும் உட்காருவாராம்.

அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் எனக்கு இறங்கவே இல்லை. கதவுத் தகட்டை இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டு, குர்லாவிலிருந்து வேறு கைப்பிடி செட் வரவழைத்து டிக்கியில் வைத்திருந்தேன். ரோடு ஏறியதும் காற்று வேண்டும் என்று அவர் கைப்பிடியைப் பிடித்தார். "அம்மா, அது வேலை செய்யாதுங்க" என்றேன்.

"கண்ணாடிய ஒரு கையில மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டுச் சுத்தோணும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே சுற்றினார். கண்ணாடி கீழே இறங்கியது.